செட்டிநாட்டு ஊர்களில் முதியோர் மிகுந்தது ஏன்? பிறப்பு–இறப்புக் கணக்கை எப்படிப் படிப்பது?

ஊருணிக்கரை:
வணக்கம். முதுகலை சமூகவியல் கருத்தரங்குக்காகக் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தை எடுத்திருக்கிறேன். ஊரில் யாரைக் கேட்டாலும் பேச்சு ஒன்றுதான்: “சாவு விழுகிற அளவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.” பதிவேட்டைப் புரட்டினாலும் அப்படித்தான் தெரிகிறது. மக்கள்தொகை மாற்றக் கோட்பாட்டில் நான்காம் கட்டம் (பிறப்பும் இறப்பும் குறைவு) முடிந்து ஐந்தாம் கட்டத்துக்கு (பிறப்பைவிட இறப்பு அதிகம்) ஊர் போய்விட்டது என்று எழுதலாமா? வைத்தியம் பெருகி ஆயுள் கூடியதால் முதியோர் மிகுந்துவிட்டார்கள் என்று காரணம் சொல்லலாமா? தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

கிராமக்கணக்கு:
எழுதாதீர்கள் தம்பி. கோட்பாட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பதிவேடு என்னவென்று பார்க்க வேண்டும்.

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, நிகழ்வு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. தாயின் ஊர் எது என்பது கணக்கில்லை. இன்று பிரசவம் ஆஸ்பத்திரியில். உங்கள் ஊர்ப் பெண் காரைக்குடியிலோ மதுரையிலோ பெற்றால் குழந்தையின் பெயர் அந்த நகரத்துப் பதிவேட்டில் ஏறும். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ஏட்டில் அது வரவே வராது. இறப்பு அப்படியல்ல. வயதானவர்களில் பலர் வீட்டில்தான் உயிர் விடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் “இனி வீட்டுக்குக் கொண்டு போங்கள்” என்று சொல்லி அனுப்பிய பிறகு ஊரில் இறந்தவரும் ஊர்க் கணக்கில்தான் சேருவார். ஆகவே அந்த ஏடு பிறப்பைக் குறைத்தும் இறப்பைப் பெரும்பாலும் முழுசாகவும் காட்டுகிறது. ஊர் சுருங்குகிறதா என்பதை அதை வைத்து ஒருநாளும் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல் தலைப்பிரசவம். பெண் தாய்வீட்டுக்கு வந்து பெறுகிறாள், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புருஷன் ஊருக்குத் திரும்புகிறாள். அந்தச் சில மாதங்களில் உங்கள் ஊர் அங்கன்வாடிப் பட்டியலில் அந்தக் குழந்தை இருக்கும். அது உங்கள் ஊர்க் குழந்தையா?

வேறு எங்கே கேட்கலாம் என்றால், கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பிணிப் பதிவும் தகுதியுள்ள தம்பதியர் (பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள்) பதிவும் இருக்கும். அவை குடியிருக்கும் இடத்தை ஒட்டியவை. அதை அடிப்படையாக வைத்து, அங்கன்வாடிப் பட்டியலையும் குடும்ப அட்டையையும் ஒத்துப் பார்த்து, கடைசியில் வீடு வீடாகச் சரிபாருங்கள். “இந்த வீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியிருப்பவர் யார் யார்?” என்று கேட்டால் வந்துபோகும் ஆட்கள் கழிந்துவிடுவார்கள்.

புள்ளிக்கணக்கு:
கிராமக்கணக்கு சொன்னதை எல்லாம் செய்து கணக்கைச் சுத்தமாக்கிய பிறகும் இறப்பு வீதம் பிறப்பு வீதத்தைத் தாண்டி நிற்கலாம். அதற்கும் “ஜனங்கள் பெறாமல் நிறுத்திவிட்டார்கள், அதிகம் சாகிறார்கள்” என்று பொருள் இல்லை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்கு நான் வைத்துக்கொண்டவை.

இரண்டு ஊர், ஒவ்வொன்றிலும் 1000 பேர். இரண்டிலும் 60 வயதுக்குக் கீழே ஆயிரத்துக்கு 3 பேர், 60-க்கு மேலே ஆயிரத்துக்கு 45 பேர் ஓராண்டில் இறக்கிறார்கள். ஆக, சாகும் அபாயம் இரண்டு ஊரிலும் ஒன்றேதான்.

முதல் ஊரில் முதியோர் 100 பேர். மற்ற 900 பேரில் 2.7 சாவு, முதியோரில் 4.5 சாவு, கூட்டினால் 7.2.
இரண்டாம் ஊரிலிருந்து இளவட்டம் வெளியூர் போய்விட்டது, முதியோர் 350. மற்ற 650 பேரில் 1.95, முதியோரில் 15.75, கூட்டினால் 17.7.

வைத்தியமும் சாப்பாடும் தண்ணீரும் ஒன்றாகவே இருந்தும் இறப்பு வீதம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. பிறப்பும் இப்படித்தான். 15–49 வயதுப் பெண்கள் முதல் ஊரில் 270, இரண்டாம் ஊரில் 140 என்று கொள்ளுங்கள். ஆயிரம் பெண்ணுக்கு ஓராண்டில் 50 பிறப்பு என்றால் அங்கே 13.5, இங்கே 7. ஒவ்வொரு பெண்ணும் பெறும் அளவு ஒன்றுதான். ஆனால் ஒரு ஊர் வளர்கிறது, மற்றது தேய்கிறது.

உண்மைப் புள்ளிவிவரத்திலும் இதைப் பார்க்கலாம். 2020 மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கில் தமிழ்நாட்டின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 6.1, இந்தியாவுக்கு 6.0, கேரளத்துக்கு 7.0, பீகாருக்கு 5.4. பீகாரைவிடக் கேரளத்தில் சீக்கிரம் செத்துப் போகிறார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? கேரளத்தில் ஆயுள் அதிகம். முதியோர் பங்கும் அதிகம் என்பதால் வெறும் வீதம் ஏறிக் கிடக்கிறது. இரண்டு ஊரை ஒப்பிட வேண்டுமானால் வயது வாரியாகப் பிரித்து, ஒரே வயதமைப்பின் மேல் ஏற்றிக் கணக்கிட வேண்டும். வயது தரப்படுத்தல் என்று பாடத்தில் இருக்கும்.

பிறப்புக்கு மொத்தக் கருவள வீதத்தை, அதாவது ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைக் கணக்கை எடுங்கள். 15–19 முதல் 45–49 வரை ஏழு வயதுக் கூட்டம். ஒவ்வொன்றிலும் அந்த ஆண்டுப் பிறப்பை அந்த வயதுப் பெண்களால் வகுத்து, ஏழையும் கூட்டி ஐந்தால் பெருக்குங்கள். ஆனால் சிறிய ஊரில் ஓராண்டுக் கணக்கு ஆகாது. ஏழு பிறப்பு கிடைத்த ஊரில், தற்செயலால் மட்டுமே அது மூன்றாகவோ பதினான்காகவோ மாறி வந்திருக்கலாம். குறைந்தது ஐந்து ஆண்டைச் சேர்த்து எடுங்கள். முடிந்தால் பக்கத்து நாலைந்து ஊரையும் சேருங்கள்.

ஊருணிக்கரை:
ரொம்ப நன்றி ஐயா. தமிழ்நாட்டு மொத்தக் கருவள வீதம் ஓரிடத்தில் 1.4 என்றும் இன்னோரிடத்தில் 1.8 என்றும் இருக்கிறதே, எதை எழுதுவது?

புள்ளிக்கணக்கு:
இரண்டையும், எங்கிருந்து வந்தது என்று குறித்து எழுதுங்கள். 1.4 என்பது 2020 மாதிரிப் பதிவுத் திட்டம். தேர்ந்தெடுத்த பகுதிகளில் ஆண்டு முழுதும் தொடர்ந்து பதிந்து எடுப்பது. 1.8 என்பது 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு. பெண்களிடம் பேட்டி எடுத்து, முந்தைய மூன்றாண்டுப் பிறப்பைச் சேர்த்துக் கணக்கிட்டது. எதைக் கொண்டாலும் பதிலீட்டு நிலையான 2.1-க்குக் கீழேதான். தமிழ்நாடு 1990-களின் தொடக்கத்திலேயே அந்தக் கோட்டை எட்டிவிட்டது.

2.1 ஏன், 2 ஏன் இல்லை என்று தேர்வாளர் கேட்பார். நூறு பெண் குழந்தைக்குச் சுமார் 105 ஆண் பிறக்கிறது. பிறந்த பெண்களிலும் சிலர் தாயாகும் வயதுக்கு முன்பே இறக்கிறார்கள். ஒரு தாய்க்குப் பதில் ஒரு தாய் வர வேண்டுமானால் இரண்டுக்கு மேல் கொஞ்சம் வேண்டும். சிசு மரணம் மிகுந்த நாட்டில் 2.1 போதாது.

செம்மண்மேடு:
இப்போது காரணத்துக்கு வருகிறேன். ஊருணிக்கரை எழுதிய ஒரு வாக்கியத்தைக் கட்டாயம் மாற்ற வேண்டும்: “ஆயுள் கூடியதால் முதியோர் மிகுந்தார்கள்.” பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், தவறு.

சாவு குறையத் தொடங்கியபோது முதலில் பிழைத்தது கிழவர்கள் இல்லை, குழந்தைகள். இந்தியாவில் 1971-இல் ஆயிரம் குழந்தைக்கு 129 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-இல் அது 28. தமிழ்நாட்டில் 13. பிழைத்த குழந்தை மக்கள்தொகையில் அடியில் சேருகிறது. அதாவது பிறப்பு கூடினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்: ஊர் இன்னும் இளமையாகும். ஆகையால் இறப்பு வீழ்ச்சியின் முதல் பகுதி மக்களை இளமையாக்கியது. முதுமையாக்கியது பிறப்பு வீழ்ச்சி. அடித்தளம் குறுகினால் மேலே இருப்பவர் பங்கு தானாக ஏறும். கோல் போன்ற மக்கள்தொகையியலார் 1950-களிலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஜப்பானைப் போல முதியவர்களின் சாவே தள்ளிப்போகிற நிலை வந்த பிறகுதான் ஆயுள் நீளுவது முதுமையாதலுக்குப் பெரிய காரணமாகிறது.

செட்டிநாட்டில் இதன் மேல் மூன்றாவது ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது, வெளியேற்றம். என் கணிப்பில் கிராம அளவில் அதுதான் முதற் காரணம். மாநிலத்தில் 60 வயதைக் கடந்தோர் 2011 கணக்கெடுப்பில் 10.4 விழுக்காடு; அரசின் தொழில்நுட்பக் குழுக் கணிப்பில் 2021-க்கு 13.6, 2031-க்கு 18.2. உங்கள் ஊரில் வீடு வீடாக எண்ணி இதைவிட மிக அதிகமாக வந்தால், அந்த உபரி பிறப்பாலும் இறப்பாலும் வந்தது அல்ல. இருபது வயதில் பஸ் ஏறிப் போனவர்களால் வந்தது.

“ஐந்தாம் கட்டம்” என்பதையும் விட்டுவிடுங்கள். தாம்சன் 1929-லும் நோட்ஸ்டைன் 1945-லும் சொன்ன கோட்பாடு நாடுகளைப் பற்றியது, ஆள் வந்துபோகாத மக்கள்தொகை என்று வைத்துக்கொண்டு சொன்னது. கதவு திறந்து கிடக்கும் ஒரு கிராமத்துக்கு அதை ஒட்டவைக்க முடியாது.

கண்டனூர் ரஸ்தா:
அண்ணே, கோட்பாடெல்லாம் சரி. தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்தது அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டைப் பிடித்துத் தள்ளியதால்தானே? சென்னை மாநிலம்தான் 1956-லேயே ஆண்களுக்குக் கருத்தடை அறுவைக்குப் பணம் கொடுத்தது. இன்றைக்கும் மணமான பெண்களில் பாதிக்கு மேல் அறுவை செய்துகொண்டவர்கள். இதைச் சொல்லாமல் சமூகக் காரணம் தேடுவது எதற்கு?

செம்மண்மேடு:
தம்பி, அறுவை என்பது வழி. அந்த வழியில் ஏன் போனார்கள் என்பதுதான் கேள்வி. அதே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் வட மாநிலங்களிலும் இருந்தது. 1976-இல் அங்கே கட்டாயப்படுத்தியே செய்தார்கள். அதனால் திட்டத்தின் மேலேயே வெறுப்பு விழுந்தது. 1979-க்கும் 1991-க்கும் இடையில் தமிழ்நாட்டில் கருவள வீதம் 3.5-இலிருந்து 2.2-ஆக இறங்கியது, அதே காலத்தில் ஒரு குழந்தைச் சட்டம் போட்ட சீனாவில் 2.8-இலிருந்து 2.0. அமர்த்தியா சென் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒப்பீடு இது. கட்டாயம் இல்லாத இடத்தில் வேகம் குறையவில்லை.

சமூகவியலார் சொல்லும் காரணங்களில் நம் ஊருக்குப் பொருந்துவதாக நான் நினைப்பவை இவை.

கால்டுவெல் 1976-இல் சொன்ன செல்வ ஓட்டம் (நம் திருநெல்வேலிக் கால்டுவெல் அல்ல, ஆஸ்திரேலிய மக்கள்தொகையியலார்). பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குச் செல்வம் மேல்நோக்கி ஓடும் வரை நிறையப் பெறுவது ஆதாயம். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கீழ்நோக்கித் திரும்பிவிட்டால் ஒன்றிரண்டோடு நிறுத்துவது இயல்பு. திருப்பிவிட்ட மதகு பள்ளிக்கூடம். மாடு மேய்த்த, கண்மாய் மடையில் நின்ற பையன் பள்ளிக்குப் போனதும் வேலைக்கை ஒன்று செலவுக்கணக்காக மாறியது. 1956-இல் காமராசர் காலத்து மதிய உணவும் 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவும் ஏழை வீட்டுப் பிள்ளையையும் பள்ளிக்குள் இழுத்தன. ஆனால் கால்டுவெல் மட்டும் போதாது. படிக்காத, நிலமில்லாத குடும்பங்களும் இங்கே சீக்கிரமே நிறுத்திக்கொண்டன. அங்கே உதவுவது பரவல் என்ற விளக்கம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் கில்மோத்தோ முதலியோர் மாவட்ட வரைபடங்களில் காட்டியது அதைத்தான்: கருவள வீழ்ச்சி ஒரு இடத்திலிருந்து பக்கத்து இடத்துக்குத் தொற்றிப் போகிறது. சந்தை, பஸ், சினிமாக் கொட்டகை, ஊர் தாண்டிய சம்பந்தம் எல்லாம் அந்தப் பாதைகள்.

அதோடு கருத்துக் களம். 1928-லேயே சென்னையில் பிறப்புக் கட்டுப்பாட்டை வலியுறுத்திய நவ மால்தூசியச் சங்கம். 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணின் திருமண வயதை உயர்த்துவதும் சொத்துரிமையும் தீர்மானம். பெரியார் பிள்ளைப்பேற்றுக் கட்டுப்பாட்டை வாதிட்டது தேசத்தின் வறுமைக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காக. அரசு முகாம் போடுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே இது பேச்சில் இருந்தது.

நான்காவதாக, உறவு முறை. மக்கள்தொகையியலார் டைசனும் மூரும் 1983-இல் எழுதியது: தெற்கே பெண் தெரிந்த வீட்டுக்கு, பல சமயம் மாமன் வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ போகிறாள், தாய்வீடு கைக்கெட்டும் தூரம், ஆகவே அவள் சொல்லுக்கு வீட்டில் இடம் உண்டு. வடக்கே அந்நிய ஊர், அந்நியக் குடும்பம். சொல்லுக்கு இடம் உள்ளவளால்தான் “போதும்” என்று சொல்ல முடியும்.

வளவுத்தூண்:
உறவு முறை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பிறப்பு குறைந்ததால் இங்கே முதலில் தேய்வது ஆள்தொகை இல்லை, முறை. காதுகுத்துக்கு மடியில் உட்கார்த்தித் தாய்மாமன் வேண்டும். கணக்குப் பாருங்கள்.

ஒவ்வொரு தம்பதிக்கும் ஐந்து பிள்ளை என்றால் தாய்க்கு உடன்பிறந்தோர் நால்வர். நால்வரும் பெண்ணாக இருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அதாவது நூறு குழந்தையில் ஆறேழு பேருக்குத்தான் சொந்தத் தாய்மாமன் இல்லை. இரண்டு பிள்ளை என்றால் தாய்க்கு உடன்பிறந்தது ஒன்று; அது ஆணாக இருக்க வாய்ப்புப் பாதி. நூறில் ஐம்பது பேருக்குத் தாய்மாமன் இல்லை. ஒற்றைப் பிள்ளை என்றால் யாருக்குமே இல்லை. அத்தை, சித்தப்பா, பெரியம்மா, கொழுந்தியாள், எல்லாமே அப்படித்தான். மாமன் மகள், அத்தை மகன் என்று உரிமை கேட்க ஆளே இராது. செம்மண்மேடு சொன்ன அந்தத் தெற்கத்தி உறவு முறை பிறப்பைக் குறைக்க உதவியது என்றால், குறைந்த பிறப்பு இப்போது அந்த உறவு முறையைத் தின்கிறது. ஆய்வில் இதை ஒரு அத்தியாயமாக வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

நகரத்தாரில் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) இன்னும் கூர்மையாகத் தெரியும். கோயில் கணக்கு புள்ளிக் கணக்கு. கல்யாணமான ஆண் ஒரு புள்ளி. கணவனை இழந்த ஆச்சி அரைப்புள்ளி. கல்யாணமாகாதவர் கணக்கில் இல்லை. கட்டிக் கொடுத்த பெண் கணவர் கோயிலுக்குப் போய்விடுவார். ஒன்பது கோயிலிலும் புள்ளி வரி இதன்மேல்தான். கருவள வீதம் 1.4 என்று வைத்தால் ஒரு தம்பதிக்கு மகன் 0.7. நூறு புள்ளி ஒரு தலைமுறையில் எழுபது, அடுத்ததில் நாற்பத்தொன்பது. எல்லா மகனுக்கும் கல்யாணம் ஆகிறது என்று வைத்தாலே இப்படி.

மகன் இல்லாவிட்டால் பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது வழக்கம். அதே கோயிலைச் சேர்ந்த வீட்டிலிருந்து. ஐந்து பிள்ளைக் காலத்தில் முப்பத்திரண்டு தம்பதியில் ஒருவருக்குத்தான் மகன் இல்லை. கொடுக்க இரண்டு மூன்று மகன் உள்ள பங்காளி எங்கும் உண்டு. இரண்டு பிள்ளைக் காலத்தில் நாலில் ஒருவருக்கு மகன் இல்லை. நாலில் ஒருவருக்கு மட்டும் இரண்டு மகன். அந்த ஒருவர் கொடுத்தால்தான் உண்டு. ஒற்றைப் பிள்ளையில் கூட்டுவதற்குப் பிள்ளையே கிடையாது.

புள்ளிக்கணக்கு:
வளவுத்தூண் ஆச்சி சொன்ன புள்ளிக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அமையாது. பையன்கள் இருபத்திரண்டில் கல்யாணம் செய்துகொண்டிருந்தவர்கள் முப்பதுக்குத் தள்ளிப்போட்டால், அந்த எட்டு வருஷம் புதுப் புள்ளி சேருவது மந்தப்படும். எல்லாரும் கடைசியில் கல்யாணம் செய்துகொண்டாலும், இடைக்காலத்தில் கணக்கு விழுந்தது போலத் தெரியும். கருவள வீதத்திலும் அப்படியே. முதல் பிள்ளையைத் தள்ளிப்போடும் காலத்தில் அந்தந்த ஆண்டு வீதம், பெண்கள் வாழ்நாளில் உண்மையில் பெறும் எண்ணிக்கையைவிடக் குறைவாகக் காட்டும். போங்கார்ட்ஸும் பீனியும் 1998-இல் இதற்குத் திருத்தக் கணக்குக் கொடுத்தார்கள். ஆகவே 1.4-ஐ வைத்து இரண்டு தலைமுறை முன்னோக்கி ஓட்டும்போது “இதே நிலை நீடித்தால்” என்று எழுதிவிட வேண்டும்.

உறுதிப்படுத்த, 45 வயதைத் தாண்டிய பெண்களிடம் “மொத்தம் எத்தனை பெற்றீர்கள்” என்று தனியே கேட்டுச் சராசரி எடுங்கள். அது முடிந்த கணக்கு, தள்ளிப்போடலால் ஆடாது. இறந்த குழந்தையையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுவார்கள்.

கிராமக்கணக்கு:
செட்டிநாடு என்றால் நகரத்தாரின் பெரிய வளவு வீடு மட்டும் இல்லை என்பதையும் பதிகிறேன். ஊரில் குடியிருப்போரில் பெரும்பாலோர் நகரத்தார் அல்லாதவர்கள்: கண்மாய்ப் பாசனத்தையும் மானாவாரியையும் நம்பியவர்கள், கட்டட வேலைக்கும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவுக்கும் போனவர்கள். சிவகங்கை மாவட்டத்தில் 2011-இல் ஆயிரம் ஆணுக்கு 1003 பெண், பக்கத்துப் புதுக்கோட்டையில் 1015; ஆண் வெளியேறியதும் இதில் ஒரு பங்கு. இரண்டு வெளியேற்றமும் ஒரே மாதிரி இல்லை. நகரத்தார் குடும்பத்தோடு சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் குடிபோய்விட்டார்கள். வீடு பூட்டு, காவலுக்கு ஒரு குடும்பம், எஞ்சியவர் வயதானவர். மற்றவர்களில் ஆண் மட்டும் போகிறான், மனைவியும் பிள்ளையும் ஊரில். அல்லது புருஷன் பெண்சாதி இருவரும் திருப்பூர்ப் பக்கம் போய், பிள்ளையைப் பாட்டி வளர்க்கிறாள். முதல் வகை ஊரில் பள்ளி காலியாகும். இரண்டாம் வகையில் பள்ளி இருக்கும், நடுவயதுதான் இராது. வயதுக் கூம்பை (எந்த வயதில் எத்தனை பேர் என்ற வரைபடம்) இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாக வரையுங்கள். சேர்த்து வரைந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று மறைத்துவிடும்.

கண்டனூர் ரஸ்தா:
அப்படியானால் கூட்டுக்குடும்பம் உடைந்ததால் முதியோர் தனித்துப்போனார்கள் என்ற வாதமும் இங்கே நிற்காதா? அதையும் எல்லாரும் எழுதுகிறார்களே.

வளவுத்தூண்:
கவனமாக எழுத வேண்டும். நகரத்தார் வீட்டில் “வேறுவைத்தல்” பழைய வழக்கம். கல்யாணமான மகனுக்கும் மருமகளுக்கும் அதே வீட்டில் தனி அடுப்பு, தனி அறை, ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று ஒதுக்கு. ஒரே கூரை, ஒரே முகப்பு, ஒரே சாமி. சமையல் மட்டும் வேறு. தாய் தகப்பனுக்கும் தனி அடுப்புத்தான். இது நேற்று வந்த நாகரிகம் இல்லை.

இந்தியக் கணக்கெடுப்பில் குடும்பம் என்பதற்கு வரையறை ஒரே சமையலில் சாப்பிடுவோர். ஆகவே நான்கு அடுப்பு எரியும் ஒரு வளவு வீட்டை நான்கு குடும்பம் என்றுதான் எழுதுவார்கள். தாள்களில் பார்த்தால் அங்கே கிழவனும் கிழவியும் “தனியே வாழும் முதியோர்”. பத்தடி தள்ளி மகன் இருக்கிறான். ஏ.எம். ஷா போன்ற சமூகவியலார் இல்லம் வேறு, குடும்பம் வேறு என்று வற்புறுத்தியது இதற்காகத்தான். இன்று மாறியிருப்பது அடுப்பு இல்லை, அந்தப் பத்தடி. மகன் ஐந்நூறு மைல் தள்ளியோ கடல் தாண்டியோ இருக்கிறான். ஆகவே கேள்வித்தாளில் “தனிக் குடும்பமா கூட்டுக் குடும்பமா” என்று கேட்காதீர்கள். இரண்டு கேளுங்கள்: சமையல் யாரோடு? ராத்திரி நெஞ்சு வலித்தால் நடந்து வரும் தூரத்தில் யார்?

செம்மண்மேடு:
ஆச்சியின் அந்த இரண்டாவது கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்மயம் வளர வளர முதியோர் மதிப்புக் குறையும் என்று 1972-இல் கௌகிலும் ஹோம்சும் சொன்ன நவீனமயக் கோட்பாட்டை அதனால் சோதிக்கலாம். இங்கே அறுபதாம் கலியாணமும் சதாபிஷேகமும் குறையவில்லை, பெருகியிருக்கின்றன, ஊரே கூடுகிறது. மதிப்பு இருக்கிறது, பக்கத்தில் கை இல்லை. மதிப்பையும் பராமரிப்பையும் ஒன்றாகக் குழைத்தது அந்தக் கோட்பாட்டின் குறை என்று நான் கருதுகிறேன்.

ஆயுள் பற்றியும் ஒரு திருத்தம். நூறாண்டுக்கு முன் சராசரி ஆயுள் இருபத்தைந்துக்குக் கீழே என்று படித்துவிட்டு, அன்று கிழவர்களே இல்லை என்று எழுதுகிறார்கள். சராசரியைக் கீழே இழுத்தது குழந்தைச் சாவு. ஐந்து வயதைத் தாண்டியவர் அறுபதைக் காண்பது அரிது என்றாலும் உண்டு. அறுபதாம் கலியாணச் சடங்கு இருந்ததே அதற்குச் சான்று. 1911–21-இல் இந்தியாவின் மக்கள்தொகையே குறைந்தது, இன்புளூயன்சாவால். அதன் பிறகு தொடர்ந்து ஏறியது. புதுமருந்துகள் வருவதற்கு முன்பே காலராவும் பிளேக்கும் பஞ்சமும் ஓரளவு கட்டுக்குள் வந்ததால் தொடங்கிய ஏற்றம் அது.

கிராமக்கணக்கு:
முதியோர் வயதை எப்படிக் கேட்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மாணவர் ஆய்வு கெடுவது இங்கேதான். நேராக “வயது என்ன?” என்றால் அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று சுழியிலும் ஐந்திலும் குவியும். ஆதார் அட்டையில் பிறந்த தேதி ஜனவரி 1 அல்லது ஜூலை 1 என்று இருந்தால் அதுவும் குத்துமதிப்பாகப் போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதியோர் உதவித்தொகைக்காக ஒன்றிரண்டு வயது ஏறியதும் உண்டு.

அதற்கு நிகழ்ச்சி அட்டவணை ஒன்று கையில் வேண்டும். ரங்கூனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பர். பர்மாவிலிருந்து ஆட்கள் நடந்து திரும்பியது 1942. சுதந்திரம் 1947. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். அண்ணா மறைவு 1969 பிப்ரவரி. எம்.ஜி.ஆர். முதன்முதல் முதலமைச்சரானது 1977. “தனுஷ்கோடிப் புயல் அடித்தபோது ஆச்சிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? கையில் பிள்ளை இருந்ததா? எந்தப் பிள்ளை?” என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியிலிருந்து பின்னோக்கிப் போனால் இரண்டு வயது பிழைக்குள் வந்துவிடலாம்.

ஊருணிக்கரை:
குறித்துக்கொண்டேன் ஐயா. கணவனை இழந்த பெண்களைத் தனியாக எடுக்க வேண்டுமா? எண்ணிக்கை அதிகமாக வரும் போலிருக்கிறது.

வளவுத்தூண்:
கட்டாயம். கணவருக்கு மூத்த வயது, பெண்ணுக்கு நீண்ட ஆயுள். இரண்டும் கூடினால் கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டு பெண் தனியே வாழ்கிறாள். 60–69, 70–79, 80-க்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். மேலே போகப் போக அரைப்புள்ளிதான் மிகும். வீடு பெரிதாக இருப்பதை வைத்து வசதி என்று எழுதிவிடாதீர்கள். வீடு பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர் பெயரில் பிரிக்காமல் கிடக்கும். விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது. முதியோருக்காக 2007-இல் வந்த வீட்டின்மேல் மாத வருமானக் கடன் திட்டம்கூடச் சுய சம்பாத்தியமான, வில்லங்கமில்லாத வீட்டுக்குத்தான். ஓடு மாற்றவும் மழைக்கு முன் தளம் பார்க்கவும் ஆகும் செலவு அந்த ஆச்சி தலையில்.

வருமானத்தைக் கேட்கும்போது மூன்றாகக் கேளுங்கள்: கையில் வருவது, வீட்டுக்காகப் போவது, மகள் கொடுப்பது. மகன் அனுப்புவதைத் தானாகவே சொல்வார்கள். மகள் கொடுப்பதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

புள்ளிக்கணக்கு:
கணக்கெடுப்பு பற்றி ஒரு சொல். 2021-இல் நடக்காமல் போனது, 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அது வரும் வரை ஊர் அளவில் உங்களுக்கு 2011-தான் முழுக் கணக்கு. அதிலிருந்து முன்னோக்கி ஓட்டினால் வெளியேற்றத்தைக் கணிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. 2011-இல் உங்கள் ஊரின் 0–6 வயதுக் குழந்தைகள் எத்தனை என்று கிராமவாரிப் பட்டியலில் இருக்கிறது. அவர்களுக்கு இப்போது பதினைந்து கூடியிருக்கும். அந்த வயதில் சாவு மிகக் குறைவு; நூறில் ஒருவர் இருவர் கழியலாம். வீடு வீடாக எண்ணும்போது அதே வயதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். குறைவது போனவர்கள். ஆண், பெண் தனித்தனியாகப் பாருங்கள். பெண் கல்யாணமாகிப் போனதும் ஆண் வேலைக்குப் போனதும் வேறு வேறு வயதில் தெரியும்.

ஊருணிக்கரை:
அப்படியானால் தலைப்பையே மாற்றுகிறேன் ஐயா. “ஐந்தாம் கட்டம்” வேண்டாம். முதலில் செவிலியர் பதிவு, அப்புறம் அடுப்புக் கணக்கு, அப்புறம் 2011-இன் 0–6 வயதினர் எங்கே போனார்கள் என்ற தேடல். தாய்மாமன் கேள்வியையும் சேர்க்கிறேன். சொந்தத் தாய்மாமன் இல்லாத குழந்தைக்குக் காதுகுத்தில் யார் மடி என்று கேட்கலாமா ஆச்சி?

வளவுத்தூண்:
கேளுங்கள். தாயின் பெரியப்பா மகன், சித்தப்பா மகன், அதுவும் இல்லாவிட்டால் தாயின் பெரியம்மா மகன், சித்தி மகன் என்று வரிசையாகப் போவார்கள். யார் உட்கார்ந்தார் என்பதோடு எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதையும் எழுதுங்கள்.

கிராமக்கணக்கு:
எத்தனை நாள் தங்கினார் என்பதையும்.